கதைச் சுருக்கத்திலிருந்து வாதத்துக்கு: இலக்கியக் கட்டுரைக்குச் சட்டகம் போடும் முறை

‘சிலப்பதிகாரத்தில் நீதி’ என்று தலைப்புக் கொடுத்தால், கொழும்பில் உயர்தரத் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பலர் முதல் பந்தியில் இளங்கோவடிகளை அறிமுகம் செய்வார்கள். இரண்டாம் பந்தியில் கோவலன் கண்ணகி திருமணம், மூன்றாவதில் மாதவி. மதுரைக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். கதை தெரியாமல் இப்படி நடப்பதில்லை. அடிகள்கூட மனப்பாடமாக இருக்கும். எழுத உட்காரும்போது சொல்வதற்கென்று ஒரு கருத்து கையில் இல்லை, அதுதான் பிரச்சினை. கருத்து இல்லாத இடத்தைக் கதை வந்து நிரப்பிவிடுகிறது.

கருப்பொருளை எடுத்து எழுதும் இலக்கியக் கட்டுரைக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். நூலைப் பற்றி நீங்கள் நிறுவ விரும்பும் ஒரு மைய வாதம். அதைத் தாங்கும் சான்றுகள், அதாவது நூலின் அடிகளும் நிகழ்ச்சிகளும். இந்த இரண்டையும் எந்த வரிசையில் வைப்பது என்று காட்டும் சட்டகம். சட்டகம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்குச் செலவிடும் நேரம்தான் கட்டுரையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு வார அவகாசம் உள்ள ஒப்படை என்றால் பாதி நாட்களையாவது அதற்குக் கொடுங்கள்.

முழு வழிகாட்டிக்கும் சிலப்பதிகாரத்தையே, சுருக்கமாகச் சிலம்பையே, உதாரணமாக எடுக்கிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லாவிட்டாலும் கதை தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்காது. நாவலுக்கும் சிறுகதைக்கும் நவீன கவிதைக்கும் முறை இதுவேதான்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

‘நீதி’ என்பது வெறும் பொருள். அதைப் பற்றி எதையும் எழுதலாம், அதனால்தான் எழுத வராது. ‘நீதி பற்றி இந்த நூல் என்ன கேட்கிறது?’ என்று பாருங்கள். பாண்டியன் செய்த குற்றம் எது? கோவலன் இறந்தது ஊழாலா, அரசன் தவறாலா? மதுரையை எரித்தது நீதியா? மூன்றும் வெவ்வேறு கட்டுரைகள். ஒன்றை மட்டும் எடுங்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. நூலை நன்றாகப் படித்த இரண்டு பேர் அதற்கு வேறு வேறு பதில் சொல்ல முடிய வேண்டும். ‘கோவலன் சிலம்பைத் திருடினானா?’ என்பது கேள்வியே இல்லை, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ‘ஊழா, அரசனா?’ என்றால் வீட்டில் தாத்தாவும் பேத்தியும்கூட வாதாடலாம். நான் அதையே எடுக்கிறேன்.

இரண்டாம் படி: நூலோடு உட்காருங்கள்

இங்கே உரைநூலைப் பற்றி ஒரு சொல். சிலம்புக்கு அடியார்க்கு நல்லாரின் பழைய உரை மிகச் செறிவானது. ஆனால் அது நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை, கண்ணகி அரசனிடம் வழக்காடும் பகுதியான வழக்குரை காதைக்கு அது இல்லை. முழு நூலுக்கும் தெளிவான உரை வேண்டுமென்றால் ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை நல்ல துணை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமோ, விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே உள்ள கொழும்புப் பொது நூலகமோ போய்க் கேட்டுப் பாருங்கள். குறிப்புப் புத்தகத்திலிருந்து அடிகளை எடுக்காதீர்கள். மேடைப் பேச்சிலும் சினிமாவிலும் கேட்ட வசனங்களை இளங்கோவின் அடிகள் என்று நம்பி எழுதிவிடும் ஆபத்து இந்த நூலில் மிக அதிகம்.

சிலம்பில் 3 காண்டங்கள், 30 காதைகள். எல்லாவற்றையும் வரி வரியாக அலச வேண்டியதில்லை. நம் கேள்விக்கு முக்கியமானவை 16ஆவது கொலைக்களக் காதை, 20ஆவது வழக்குரை காதை, 23ஆவது கட்டுரை காதை. நூலின் தொடக்கத்தில் முன்னுரைபோல வரும் பதிகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பென்சிலோடு இரண்டு தரம் படியுங்கள். கேள்வியோடு தொடர்புள்ள ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிறிய தாள் துண்டு. அதில் நான்கு விஷயங்கள் மட்டும்: அடி, காதையின் பெயர், யார் யாரிடம் சொல்கிறார், என் கேள்விக்கு இது என்ன சொல்கிறது.

மூன்றாவது விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சேரன் செங்குட்டுவன் பாண்டியனைப் பற்றி ‘வல்வினை வளைத்த கோல்’ என்கிறான். அதை ‘இளங்கோ சொல்கிறார்’ என்று எழுதினால் வாதம் தடம் மாறிவிடும். ஓர் அரசன் இன்னோர் அரசனுக்காக இரங்கிப் பேசுவது வேறு, கதை சொல்லும் குரல் தானே ஒன்றைச் சொல்வது வேறு.

நான் எடுத்த துண்டுகளில் சில இவை. பொற்கொல்லனின் பேச்சைக் கேட்ட பாண்டியன் ஊர்க்காவலரை அழைத்துச் சொல்வது: ‘கன்றிய கள்வன் கையது ஆகில், கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.’ அப்போது அவன் ஊடலில் இருந்த தேவியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறான், மன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. இது இன்னொரு துண்டு. கோவலனைப் பார்த்த காவலர் ‘கொலைப்படு மகன் அலன்’ என்று தயங்குகிறார்கள். கள்வர்களின் தந்திரங்களை அடுக்கிப் பொற்கொல்லன் அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் ‘கல்லாக் களிமகன்’ (அறிவில்லாத குடிகாரன்) ஒருவன் வாளை வீசுகிறான். வழக்குரை காதையில் கண்ணகி ‘தேரா மன்னா’ (ஆராயாத மன்னனே) என்று தொடங்குகிறாள். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ (கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது) என்கிறான் அரசன். அவள் சிலம்பில் மணி, தேவியின் சிலம்பில் முத்து. உடைத்ததும் மணி தெறிக்கிறது. பிறகு அந்த அடிகள்: ‘யானோ அரசன், யானே கள்வன்… என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்.’

பன்னிரண்டு துண்டுகள் அளவில் சேர்ந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் சேர்த்தால், எழுதாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடும்.

மூன்றாம் படி: மைய வாதத்தை எழுதுங்கள்

துண்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, எது எதோடு சேர்கிறது என்று பாருங்கள். வாதத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சான்று தேடப் போனால், கண்ணுக்கு வேண்டியதை மட்டும் கண்டுவருவீர்கள். அடிகளே உங்களை வாதத்துக்கு அழைத்துப் போகட்டும்.

முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்: ‘சிலப்பதிகாரம் நீதியின் முக்கியத்துவத்தை வலியுறுத்துகிறது.’ இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க முடியாததை நிறுவவும் தேவையில்லை, ஆகவே இதிலிருந்து கட்டுரை பிறக்காது. அடுத்த முயற்சி: ‘பாண்டியன் விசாரிக்காமல் தண்டித்ததால் கோவலன் இறந்தான்.’ இது பரவாயில்லை, உண்மையும்கூட. ஆனால் இது கதைத் தகவல். இது சரியா என்று பார்க்கக் கதையைப் படித்தால் போதும், கட்டுரை வேண்டியதில்லை.

இப்போது உங்களைத் தொந்தரவு செய்யும் துண்டுகளுக்குப் போங்கள். அரசன் ஆணையிடும் இடத்தில் இரண்டு அடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதலாவதில் ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று வருகிறது. அடுத்ததில் ‘சினையலர் வேம்பன் தேரான் ஆகி’ என்று வருகிறது. வினை பலிக்கும் நேரம் வந்துவிட்டது என்கிறது ஒன்று. வேப்பமாலை சூடிய பாண்டியன் ஆராயவில்லை என்கிறது மற்றது. கோவலன் விழும் இடத்திலும் இப்படித்தான்: ‘காவலன் செங்கோல் வளைஇய’ என்றும் ‘கோவலன் பண்டை ஊழ்வினை உருத்து’ என்றும் ஒரே வாக்கியத்தில் இரண்டு காரணங்கள். அப்படியென்றால் ‘ஊழா, அரசனா?’ என்ற கேள்விக்கு நூல் ‘இரண்டும்’ என்கிறதா?

இங்கே அவசரப்பட வேண்டாம். இந்த இடறலில்தான் நல்ல வாதம் பிறக்கும். பதிகத்துக்குப் போங்கள். நூல் சொல்லவரும் மூன்று உண்மைகளில், ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்று ஆவதூஉம்’ ஓர் அடி, ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்’ வேறோர் அடி. நூலே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஊழ் கோவலனின் சாவை விளக்குகிறது. பாண்டியனின் குற்றம் அரசியல் பிழை. ஒன்று மற்றொன்றுக்குச் சாக்கு ஆகவில்லை. அரசன் இறக்கும்போது ‘விதி என்னை இப்படிச் செய்யவைத்தது’ என்று சொல்லவில்லை, ‘என்முதல் பிழைத்தது’ என்கிறான்.

ஆக, மைய வாதம்: *சிலப்பதிகாரம் கோவலனின் சாவுக்கு ஊழைக் காரணமாகச் சொன்னாலும், அதைப் பாண்டியனின் குற்றத்துக்குச் சாக்காக ஏற்கவில்லை. ஆராயாமல் தண்டித்ததே அவன் குற்றம் என்பதை அவன் வாயாலேயே சொல்லவைக்கிறது.*

ஒருவர் இதை மறுக்கலாம், நூலின் அடிகளைக் கொண்டே நிறுவவும் முடியும். வாசித்தவருக்கும் புதிதாக ஒன்று கிடைக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ‘சொன்னாலும்’ என்ற சொல் வாதத்தில் இருப்பதையும் கவனியுங்கள். எதிர்த்தரப்பை வாதத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் கட்டுரைக்கு முதுகெலும்பு தானாகவே வந்துவிடும்.

நான்காம் படி: உங்களுக்கு எதிரான சான்றுக்கு நல்ல இடம் கொடுங்கள்

வாதத்துக்கு ஒத்துவராத துண்டுகளைக் கட்டுரையாளர்கள் மெதுவாக ஒளித்துவைப்பார்கள். திருத்துபவருக்கு அந்த அடிகள் தெரியாமலா இருக்கும்? ‘இதை ஏன் விட்டாய்?’ என்று அவர் நினைத்த கணமே கட்டுரை பாதி விழுந்துவிடும்.

நம் வாதத்துக்கு எதிரான பலமான சான்று கட்டுரை காதையில் இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் ஓர் அரசனிடம் வேலை பார்த்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவியின் சாபம்தான் இப்போது பலித்தது. இதைப் படித்தால், எல்லாம் ஊழ், பாண்டியன் வெறும் கருவி என்று தோன்றும்.

இதற்கு எப்படிப் பதில் சொல்வது? மறுத்துத் தள்ளாதீர்கள், இன்னும் நெருங்கிப் படியுங்கள். சங்கமன் எப்படி இறந்தான்? ஒருவன் சொன்ன பொய்க் குற்றச்சாட்டை நம்பி நிகழ்ந்த கொலை அது. கோவலனும் அப்படித்தான் இறந்தான். ஊழ் என்று நூல் காட்டும் கணக்கிலேயே, ஆராயாமல் கொல்வதுதான் பாவமாகப் பதிவாகியிருக்கிறது. நமக்கு எதிராக நின்ற சான்று இப்போது நம் பக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டுரையிலும் இவ்வளவு அழகாக அமையாது. அமையாத இடத்தில் ‘இந்த அடி என் வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது’ என்று நேர்மையாக எழுதுங்கள். அதற்குப் புள்ளி குறையாது.

அதே காதையில் இன்னொரு கதையும் உண்டு. வார்த்திகன் என்ற அந்தணனை அதிகாரிகள் தவறாகச் சிறையில் அடைக்கிறார்கள். கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் காரணத்தை விசாரித்து, அவனை விடுவித்து, பிழை பொறுக்க வேண்டி, ஊர்களைக் கொடையாகக் கொடுக்கிறான். ஆராய்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு நூலே தரும் விடை இது. எனக்கு மிகவும் பிடித்த சான்று.

ஐந்தாம் படி: பந்திகளை வரிசைப்படுத்துங்கள்

கதை நடந்த வரிசையில் பந்திகளை வைக்கும் ஆசை வரும். அப்படி வைத்தால் திரும்பவும் கதைச் சுருக்கம்தான். ‘முதல் பந்தியை நம்பியவருக்கு அடுத்து என்ன சந்தேகம் வரும்?’ என்று கேட்டு வையுங்கள். சட்டகத்தில் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். ‘காவலர்’ என்று மட்டும் எழுதிவைத்தால் இரண்டு நாளில் அது எதற்கு என்று மறந்துவிடும். நம் சட்டகம் இப்படி வரும்:

*பந்தி 1.* கோவலனைக் காணாமலே அவன் சாவை அரசன் முடிவு செய்கிறான். சான்று: ‘கையது ஆகில் கொன்று’ ஆணை, அரசன் இருந்த சூழல்.

*பந்தி 2.* ஆராய வழி இருந்தது, ஆணை அதை அடைத்தது. சான்று: காவலரின் தயக்கம், கல்லாக் களிமகன்.

*பந்தி 3.* ஆராய்வது கடினமான வேலையும் அல்ல. சான்று: மணியா முத்தா என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிகிறது. வார்த்திகன் கதை துணைச் சான்று.

*பந்தி 4.* ஆனால் எல்லாம் ஊழ் அல்லவா? சான்று: ‘வினைவிளை காலம்’, ‘பண்டை ஊழ்வினை’, சங்கமன் கதை. பதில்: ஊழின் கணக்கிலும் ஆராயாக் கொலையே குற்றம்.

*பந்தி 5.* அரசன் தானே தீர்ப்புச் சொல்கிறான், ஊழைச் சாட்டவில்லை. சான்று: ‘யானே கள்வன்’, ‘என்முதல் பிழைத்தது’.

பந்தி 4 மற்றவற்றைவிட நீளமாக வரும், வரட்டும். எல்லாப் பந்தியும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. சான்றுகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். அவை ஒரு வாதமாகக் கேட்க வேண்டும். எங்காவது ‘பிறகு’, ‘அதன்பின்’ என்று இணைக்கத் தோன்றினால் அந்த இடத்தில் கதை நுழைந்துவிட்டது என்று அர்த்தம். ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’, ‘ஆகவே’ என்று இணைந்தால் சரி.

ஆறாம் படி: சான்றைப் பந்திக்குள் பேசவைப்பது

அடியை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டு ‘என்று இளங்கோ அழகாகக் கூறுகிறார்’ என்று முடிப்பது பழக்கமாகிவிட்டது. அழகு எங்கே, அது எதைக் காட்டுகிறது என்று சொல்லாவிட்டால் அந்த அடி அங்கே சும்மா கிடக்கிறது. பந்தி 1ஐ எழுதிக் காட்டுகிறேன்:

“கோவலனைக் காணாமலே பாண்டியன் அவன் சாவை முடிவு செய்கிறான். ‘கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்ற ஆணையில் அவன் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: சிலம்பு கையில் இருக்கிறதா? அது யாருடைய சிலம்பு என்று கேட்க அதில் இடமில்லை. அந்த ஆணையின்படி, தன் மனைவியின் சிலம்பை விற்க வந்த எவனும் கள்வனாகிவிடுவான். கதை சொல்லும் குரல் இந்த இடத்தில் அரசனைத் ‘தேரான்’ என்கிறது. அதே குறையைச் சொல்லித்தான் பின்னர் கண்ணகி அவனை ‘தேரா மன்னா’ என்று அழைக்கிறாள். அந்தக் கொடுஞ்சொல் வெறும் ஆத்திரத்தில் வந்ததல்ல, நூல் ஏற்கெனவே எழுதிவைத்த குற்றப்பத்திரிகை.”

இதில் மேற்கோள் ஓர் அடிக்கும் கொஞ்சம் மேல். மீதியெல்லாம் அந்த அடியின் மேல் செய்த வேலை. ஒரு பங்கு மேற்கோளுக்கு மூன்று பங்கு விளக்கமாவது இருக்கட்டும். பழைய பாடல் அடிகளைச் சந்தி பிரித்து எழுதினால் வாசிப்பவருக்கு உதவி, ஆனால் சொல்லை மாற்றாதீர்கள். ‘தேரா’ என்பதைத் ‘தேராத’ என்று திருத்தும் கை பலருக்கு உண்டு.

முன்னுரையும் முடிவுரையும்

இவற்றைச் சட்டகத்தில் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும். முன்னுரைக்கு மூன்று நான்கு வாக்கியம் போதும்: கேள்வி, அது ஏன் சிக்கலானது, உங்கள் வாதம். ஆசிரியர் வரலாறு வேண்டாம். உ.வே. சாமிநாதையர் சிலம்பை 1892இல் பதிப்பித்தார் என்பது உண்மை, மதிப்புக்குரிய செய்தி. ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அது ஒன்றும் செய்யாது.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசையும் வரும். நவகமுவவில் பத்தினி தேவாலயம் இருக்கிறது, வரந்தரு காதையில் இலங்கைக் கயவாகு வேந்தன் வருகிறான், நம் மண்ணோடு சேர்ந்த கதை, எழுதாமல் விடுவதா? ‘பத்தினி வழிபாடு’ என்ற கருப்பொருளில் எழுதினால் அது மிக நல்ல தொடக்கம். நீதி பற்றிய இந்தக் கட்டுரையில் அது வழிதவறிய விருந்தாளி. அந்தத் துண்டை எறிய வேண்டாம், அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவுரையில் வாதத்தைத் திரும்ப ஒப்புவிக்காதீர்கள். பதிகத்தின் அந்த இரண்டு அடிகளை நான் பந்திகளில் வைக்காமல் விட்டது இதற்காகத்தான். ஐந்து பந்திகளையும் படித்து வந்தவருக்கு, நூலின் தொடக்கமே ஊழையும் அரசியல் பிழையையும் தனித்தனி அடிகளில் வைத்திருப்பதை இப்போது காட்டினால், முடிவுரையிலும் புதிதாக ஒன்று கிடைக்கும்.

பரீட்சை மண்டபத்தில்

தாள் துண்டுகளுக்கு அங்கே நேரமில்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் கேள்வியை உங்கள் சொல்லில் ஒரு வரி எழுதுங்கள். நினைவுக்கு வரும் ஐந்தாறு அடிகளை முதல் இரண்டு சொல்லால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது உங்கள் கருத்துக்கு எதிரானதாக இருக்க வேண்டும். பிறகு ‘சொன்னாலும்’ அல்லது ‘இருந்தாலும்’ வரும்படி வாதத்தை எழுதி, பந்திகளுக்கு எண் போடுங்கள். கட்டுரைக்கான நேரத்தில் ஏழில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும். பக்கத்து மேசையில் இருப்பவர் அதற்குள் ஒரு பக்கம் எழுதியிருப்பார். பார்க்காதீர்கள். எழுதி முடித்ததும் அந்தக் குறிப்புப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள், திருத்துபவர் அதை விடையின் பகுதி என்று எண்ணாமல் இருக்க.